இறாலுக்கு எத்தனை கால்?



போன மாதம் வாலிபர் ஐக்கியத்தின் அன்பின் விருந்துக்கு இறால் பிரியாணி என்று முடிவானது. முடிவு செய்தவர்களில் ஒருவர்கூடச் சுத்தம் செய்ய வரவில்லை. அது வேறு கதை. தலையோடு வாங்கினால் விலை மலிவு என்று நம் பொருளாளர் அங்கிள் பத்து கிலோ இறாலையும் தலையோடே வாங்கி வந்துவிட்டார். சனிக்கிழமை மாலை ஆலயச் சமையலறையில் ஆறு பேர் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். லேவியராகமத்தில் விலக்கிய பிராணியை ஆலயத்துக்குள்ளேயே உரிக்கிறோமே என்று ஒரு அங்கிள் வாசலில் நின்று சிரித்துவிட்டுப் போனார். கத்தியை அவர் தொடவில்லை.

முதல் அரை மணி நேரம் முழுக்க முனகல்தான். பிறகு பத்தாம் வகுப்பில் படிக்கிற ஒரு தம்பி, ஒரு இறாலைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டான். "அக்கா, இதுக்கு மொத்தம் எத்தனை கால்?"

பத்து என்று சட்டென்று சொன்னோம். நர்சிங் படித்துவிட்டால் உடம்பு உள்ள எல்லாவற்றையும் பற்றித் தெரியும் என்ற நினைப்பு நமக்கு எப்போதும் உண்டு. அவன் விடவில்லை. "அப்போ வயித்துக்குக் கீழே துடுப்பு மாதிரி இருக்கே, அது என்ன? வாய்ப் பக்கத்துல சின்னச் சின்னதா மடிஞ்சு கிடக்கே, அது?"

ஒரு பேப்பர் தட்டை எடுத்தோம். ஒரு பெரிய இறாலின் ஒரு பக்கத்தில் இருப்பதையெல்லாம் முன்னிருந்து பின்னாகப் பிய்த்து வரிசையாக அடுக்கினோம். முன்னால் இரண்டு உணர்கொம்புகள். கடிக்கிற தாடை ஒன்று. அதை ஒட்டிச் செதில் போல இரண்டு சிறு தாடைகள். அடுத்து மூன்று, காலும் இல்லை வாயும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. பிறகுதான் நடக்கிற கால் ஐந்து. நீந்துகிற துடுப்புக்கால் ஐந்து. கடைசியில் வால்விசிறியின் ஒரு மடல். மொத்தம் 19. இரண்டு பக்கமும் சேர்த்து 38.

தட்டைச் சுற்றி எல்லோரும் கூடிவிட்டார்கள். வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இவை 19 வெவ்வேறு பொருள்கள் அல்ல. ஒன்றையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றிச் செய்தது போல இருந்தது. முக்கியமாக அந்த நடு மூன்று. மூன்றாவது கிட்டத்தட்டக் கால். முதலாவது கிட்டத்தட்டத் தாடை. விலங்கியலில் இவற்றுக்குத் தாடைக்கால் என்று பொருள்படும் ஒரு பெயர் இருக்கிறது. (வாய்க்கால் என்றல்லவா சொல்ல வேண்டும் என்றாள் ஒரு தங்கை. தமிழ் வகுப்பு வீண்போகவில்லை.)

ஒரே வரிசையில் இருக்கும் கால்களில் ஒன்று தாடையாகவும் ஒன்று துடுப்பாகவும் ஆக வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? இந்த ஒரு கேள்வியோடு பல பத்தாண்டுகளைக் கழித்த ஒருவரைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம். பெயர் நிபம் படேல். அமெரிக்காவில் பணிபுரியும் பரிணாம உயிரியலாளர்.

பரிணாமம் என்றதும் சில பெற்றோரின் புருவம் உயர்வது இங்கிருந்தே தெரிகிறது. அந்தச் சொல் நம் வீடுகளுக்குள் சண்டையில்லாமல் நுழைவதில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகளின் ஜிசிஎஸ்இ பாடத்தில் அது இருக்கிறது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். வீட்டில் நாம் வாயை மூடிக்கொண்டால், அவர்கள் நம்மோடு பேசாத விஷயங்களின் பட்டியலில் இன்னொன்று சேரும், அவ்வளவுதான். ஆதியாகமத்தைப் பற்றிய கேள்விகளை ஐயரிடம் கேளுங்கள். நாம் இறாலோடு நிற்கிறோம்.

படேல் சிறு வயதிலிருந்தே வண்ணத்துப்பூச்சி சேகரிப்பவர். நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் அப்படி வலையைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் என்ன கேட்போம் என்பது உங்களுக்குத் தெரியும். "இதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்?" அவர் பிரின்ஸ்டனில் பட்டப்படிப்பு முடித்து, பிஎச்.டி. ஆய்வுக்கு ஸ்டான்ஃபோர்டில் கோரி குட்மன் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் செய்ததை நர்ஸுகளாகிய எங்களால் எளிதில் புரிந்துகொள்ள முடிகிறது. ஏனென்றால் அது ஒரு எதிர்ப்பொருள் வேலை.

எதிர்ப்பொருள் என்றால் ஆன்டிபாடி. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். மருந்துக்கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனைக் குச்சியில் கோடு விழுவது இதனால்தான். படேலும் மற்றவர்களும் பழ ஈயின் எங்ரெய்ல்டு என்ற புரதத்தைப் பிடிக்கும் ஓர் எதிர்ப்பொருளை உருவாக்கினார்கள். வளரும் கருவில் உடல் வளையம் வளையமாகப் பிரியும்போது, ஒவ்வொரு வளையத்திலும் ஒரு கோடு போல இந்தப் புரதம் தோன்றும். அவர்களின் எதிர்ப்பொருள் பிடித்தது, பிராணிக்குப் பிராணி ஏறக்குறைய மாறாமல் இருக்கும் ஒரு பகுதியை. அதனால் பழ ஈக்குச் செய்தது வெட்டுக்கிளியின் கருவிலும் வேலை செய்தது. கிரேஃபிஷ் என்கிற நன்னீர்ப் பிராணியின் கருவிலும் வேலை செய்தது. முதுகெலும்புள்ளவற்றிலும் வேலை செய்தது. 1989-ல் இது செல் என்ற ஆய்விதழில் வெளியானது. ஒரு வீட்டுச் சாவி தெருவில் உள்ள பாதி வீடுகளைத் திறந்தது போல.

அதுவரை மரபணு ஆராய்ச்சி என்றால் பழ ஈ, எலி, இன்னும் சில. மற்றப் பிராணிகளை யாரும் அவ்வளவாகத் தொடவில்லை, தொடக் கருவியும் இல்லை. இந்தச் சாவி கையில் கிடைத்தவர் வேறு வீடுகளைத் திறந்து பார்க்கப் போனதில் வியப்பில்லை.

இங்கே கொஞ்சம் பின்னணி வேண்டும். பழ ஈயில் ஹாக்ஸ் என்ற மரபணுக் குடும்பம் ஒன்று இருக்கிறது. உடலின் எந்த வளையம் என்னவாக வேண்டும் என்று சொல்வது அவற்றின் வேலை. மரபணு கால் செய்வதில்லை. "நீ நெஞ்சின் மூன்றாம் வளையம்" என்று முகவரி சொல்கிறது. முகவரி தவறினால் தலையில் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால் முளைக்கும், இரண்டு சிறகு இருக்க வேண்டிய ஈக்கு நான்கு சிறகு வரும். இப்படி ஓர் உறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இன்னோர் உறுப்பு வருவதற்கு வில்லியம் பேட்சன் என்ற ஆங்கிலேயர் 1894-லேயே பெயர் வைத்துவிட்டார். அதன் பின்னால் இருந்த மரபணுக்களைப் பல ஆண்டுகள் தோண்டியெடுத்த எட்வர்ட் லூயிஸுக்கு 1995-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

படேல் அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். அவரும் மிகாலிஸ் அவெரோஃப் என்ற ஆய்வாளரும் சேர்ந்து இறால் நண்டுக் கூட்டத்தில் பல வகைக் கருக்களை எடுத்துப் பார்த்தார்கள். தேடியது அல்ட்ராபைதோராக்ஸ் என்ற ஹாக்ஸ் மரபணுவின் தடயம். நாக்கு சுளுக்கும் பெயர். யுபிஎக்ஸ் என்பது சுருக்கம். கண்டது இதுதான். சில இனங்களில் தாடைக்காலே கிடையாது. பிள்ளைகளுக்குப் பாக்கெட்டில் விற்கும் சீ-மங்கி என்ற உப்புநீர் இறால் அப்படிப்பட்டது. அதன் நெஞ்சில் 11 ஜோடிக் கால்களும் ஒன்று போல இருக்கும். அதில் நெஞ்சின் முதல் வளையத்திலிருந்தே யுபிஎக்ஸ் இருந்தது. தாடைக்கால் உள்ள இனங்களில் யுபிஎக்ஸின் எல்லை பின்னால் தள்ளிப் போயிருந்தது. எந்த வளையத்திலிருந்து அது விலகியதோ அங்கே கால் தாடைக்காலாக மாறியிருந்தது. 1997-ல் நேச்சர் இதழில் இதை வெளியிட்டார்கள்.

அழகான கண்டுபிடிப்பு. ஆனால் ஓட்டை உள்ளது, அது அவர்களுக்கும் தெரியும். மரபணு விலகியதும் தாடைக்கால் வந்ததும் சேர்ந்தே இருக்கின்றன என்பதுதான் இதுவரை தெரிந்தது. ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை.

இந்த வித்தியாசம் ஏன் நம்மை இவ்வளவு பிடித்துக்கொண்டது என்று சொல்ல, வார்டுக்குள் கொஞ்ச நேரம் போய்வர வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் நாங்கள் வேலை செய்கிறோம். குழந்தை வந்ததும் எண்ணுவது விரல்களைத்தான். பெற்றவர்களும் அதைத்தான் எண்ணுகிறார்கள், எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும். சில வருடங்களுக்கு முன் நம் மொழி பேசும் ஒரு குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை. இரண்டு கைகளிலும் நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டியிருந்தன. நடுவில் கூடுதலாக ஒரு சிறு விரலும் மறைந்திருந்தது. மற்றபடி நல்ல எடை, நல்ல அழுகை.

அப்பாவின் அம்மா ஊரிலிருந்து பிரசவம் பார்க்க வந்திருந்தார். குழந்தையின் கையைப் பார்த்த அடுத்த நிமிடம் மருமகளைப் பார்த்துச் சொன்னார்: "கிரகணத்தன்னிக்கு வெளிய போகாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?" அந்த வருடம் கிரகணம் வந்தது உண்மை. அவள் வேலைக்குப் போனதும் உண்மை. பிள்ளையின் விரல் இப்படி இருப்பதும் உண்மை. மூன்று உண்மைகள் சேர்ந்து நின்றன, ஒன்றால் மற்றொன்று வந்தது போலவே.

அவள் பதில் சொல்லவில்லை. எங்களைப் பார்த்தாள். கையில் பால்புட்டி இருந்தது. அதைக் கழுவப் போய்விட்டோம். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்த வளர்ப்பு அது. சொல்ல எளிய பதில் ஒன்று இருந்தது. கருவில் கைமொட்டு நான்காம் வாரவாக்கில் தோன்றி, எட்டாம் வார முடிவுக்குள் விரல்கள் பிரிந்துவிடும். கிரகணம் வந்தபோது அவளுக்கு ஏழாம் மாதம். நர்சிங் முதலாண்டில் படித்த பாடம் அது, எங்கள் வாயில் வரவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

படேலுக்குத் திரும்புவோம். சேர்ந்து நிற்பதை விட்டுக் காரணத்தைக் காட்ட வேண்டுமென்றால், அந்த மரபணுவை வேண்டுமென்றே அணைத்துப் பார்க்க வேண்டும். அணைத்தால் கால் தாடைக்காலாக மாறுகிறதா? இல்லாத இடத்தில் ஏற்றினால் தாடைக்கால் காலாகிறதா? இதைச் செய்ய ஆய்வகத்தில் வருடம் முழுக்க முட்டையிடும், முட்டையைத் தொட்டால் சாகாத, தலைமுறை தலைமுறையாக வளர்க்கக்கூடிய ஒரு பிராணி வேண்டும். சிங்கி இறாலை அப்படி வளர்க்க முடியாது. அது பெரியவளாகவே வருடக்கணக்கில் ஆகும்.

அந்தப் பிராணி கிடைத்த இடம்தான் நமக்குப் பிடித்த பகுதி. சிகாகோவில் ஷெட் மீன்காட்சியகம் என்று ஒரு பெரிய இடம் இருக்கிறது. சுறாவையும் பவளத்தையும் பார்க்க மக்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். படேலின் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் பிரவுன் என்ற மாணவர் 1997-ல் அங்கிருந்து எடுத்து வந்தது கண்ணாடித் தொட்டிகளில் இருந்ததை அல்ல. தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டியில் இருந்ததை. யாரும் கொண்டுவந்து விடாமல், யாரும் தீனி போடாமல், அழுக்கைத் தின்று பெருகிக் கிடந்தது ஒரு குட்டிப் பிராணி. ஒரு சென்டிமீட்டர் நீளம், வளைந்த முதுகு. பெயர் பார்ஹையேல் ஹவாயென்சிஸ். ஜேம்ஸ் டேனா என்பவர் 1853-லேயே இதற்குப் பெயரிட்டிருந்தார். அதன் பிறகு யாருக்கும் அதைப் பற்றிப் பெரிய அக்கறை இல்லை.

வெப்பக் கடலோரங்களில் அலை வந்து போகும் இடத்தில் வாழ்வதால் உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். தாய் முட்டைகளை வயிற்றுக்கு அடியில் ஒரு பையில் சுமக்கும். மயக்கமருந்து கொடுத்து முட்டைகளை மெல்ல வெளியே எடுத்துத் தட்டில் வைத்தால், அவை பாட்டுக்குத் தட்டிலேயே வளரும். சுமார் 10 நாளில் குஞ்சு. இரண்டு மாதத்துக்குள் அந்தக் குஞ்சு தாயாகும். கரு எட்டு செல்களாகப் பிரியும்போதே எந்த செல் எதுவாகும் என்பது தீர்மானமாகிவிடுகிறது என்று 2002-ல் காட்டினார்கள். அந்த எட்டில் ஒன்றிலிருந்து மட்டுமே அடுத்த தலைமுறைக்கான முட்டையோ விந்தோ வரும். ஆய்வாளருக்கு வேறென்ன வேண்டும்? எந்த செல்லில் ஊசி போட்டால் உடம்பின் எந்தப் பகுதி மாறும் என்று முன்கூட்டியே தெரிகிறது.

இதைவிட நமக்குப் பொருத்தமாகப் பட்டது அதன் கால்கள். இந்த வகைக்கு ஆம்பிபாட் என்று பெயர். இருபுறமும் கால் என்பது போன்ற பொருள். நெஞ்சின் முதல் வளையத்தில் தாடைக்கால். அடுத்த இரண்டில் பிடிக்கிற கை. அதற்கடுத்த இரண்டில் முன்னோக்கி மடங்கிய நடைக்கால். பிறகு மூன்றில் பின்னோக்கி மடங்கிய, தாவுகிற கால். வயிற்றில் மூன்று ஜோடித் துடுப்பு; கடைசியில் தரையைப் பற்றிக்கொள்ளும் மூன்று ஜோடிக் குச்சிகள். ஒரே சிறு உடம்பில் ஒரு கருவிப்பெட்டியே இருக்கிறது.

பிராணி கிடைத்துவிட்டது, ஆனால் உடனே விடை கிடைக்கவில்லை. வளர்க்கப் பழக வேண்டும். ஊசி போடப் பழக வேண்டும். மரபணுவை உள்ளே செலுத்தும் முறையை அவெரோஃபும் பாவ்லோபுலோஸும் 2005-ல்தான் வெளியிட்டார்கள். படேல் இதற்குள் 2003-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்கு மாறியிருந்தார். 2009-ல் இரண்டு ஆய்வுக்கட்டுரைகள் வந்தன. ஒன்றில் யுபிஎக்ஸை அடக்கினார்கள். பிடிக்கிற கைகள் தாடைக்கால் போல மாறின. மற்றதில் அது இருக்கக்கூடாத இடத்தில் ஏற்றினார்கள்; தாடைக்கால்கள் கால் போல நீண்டன. சந்தேகம் 1997-ல், ஆதாரம் 2009-ல். 12 வருடம்.

தம்பி தங்கைகளே, இந்த 12-ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நர்சரி வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஜிசிஎஸ்இ எழுதும் காலம். அவர் 1997-லேயே "எல்லை நகர்ந்ததால்தான் கால் மாறியது" என்று அடித்துச் சொல்லியிருந்தால் பலர் தலையாட்டியிருப்பார்கள். அது சரியாகவும் இருந்திருக்கும். ஆனாலும் அணைத்துப் பார்க்காமல் விடவில்லை. கிரகணத்தைக் காரணம் சொல்ல அந்தப் பாட்டிக்குத் தேவைப்பட்டது ஒரு நிமிடம்.

அதன் பிறகு வேகம் கூடியது. கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறை வந்தது. அதற்காக 2020-ல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவரான ஜெனிஃபர் டவுட்னாவும் பெர்க்லியில்தான் இருந்தார். அதே முறையில் உருவான சிகிச்சை ஒன்று அரிவாள் செல் இரத்தசோகைக்கு இங்கே பிரிட்டனில் 2023 நவம்பரில் உலகிலேயே முதலாவதாக அனுமதி பெற்றது. படேல் குழு அதை இந்தக் குட்டிப் பிராணியின் முட்டைகளில் செலுத்தியது. 2016-ல் வெளியான முடிவுகளில் ஆறு ஹாக்ஸ் மரபணுக்களை ஒவ்வொன்றாக வெட்டியிருந்தார்கள். ஒன்றை வெட்டினால் பிடிக்கிற நகம் போய்விடும். ஒன்றை வெட்டினால் பின்னோக்கிய தாவுகால்கள் முன்னோக்கிய நடைக்கால்களாகத் திரும்பும். அப்டாமினல்-பி என்பதை வெட்டினால், வயிற்றில் துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் நடக்கிற கால்கள் முளைக்கும். படங்களைப் பார்த்தோம். கோரமாக இல்லை. ஒவ்வொரு காலும் ஒழுங்கான, முழுமையான கால், இடம்தான் மாறியிருந்தது.

அதே ஆண்டு இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து முடித்தார்கள். சுமார் 360 கோடி எழுத்துகள். நம்முடையது 310 கோடி சொச்சம். வடிகட்டியில் கிடந்த ஒரு சென்டிமீட்டர் பிராணியின் புத்தகம் நம்முடையதைவிடப் பெரியது! பெரிய புத்தகம் என்பதால் பெரிய ஆள் என்று அர்த்தமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். அதில் திரும்பத் திரும்ப வரும் வரிகள் நிறைய.

அப்டாமினல்-பி என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு 39 ஹாக்ஸ் மரபணுக்கள், நான்கு கொத்துகளாக இருக்கின்றன. அவற்றில் கடைசிப் பக்கம் இருப்பவை இந்த அப்டாமினல்-பி-யின் உறவுக்காரர்கள். அதில் ஒன்று ஹாக்ஸ்-டி-13. கருவில் கையும் காலும் நுனிவரை வளர்ந்து விரல்களாகப் பிரியும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு. அதன் புரதத்தில் அலனின் என்ற ஒரே துணுக்கு வரிசையாக 15 முறை வரும் இடம் ஒன்று இருக்கிறது. சில குடும்பங்களில் அந்த வரிசை இன்னும் ஏழோ அதற்கு மேலோ நீண்டுவிடுகிறது. அப்படி நீண்டால் நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டி, நடுவில் கூடுதல் விரல் வரும் என்று 1996-லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே போதும், பிள்ளைக்குப் போக இரண்டில் ஒரு வாய்ப்பு. விரல் ஒட்டிப் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், காரணங்கள் பல.

அந்தக் குழந்தையைப் பார்க்க மரபியல் மருத்துவர் வந்தபோது நாங்கள் அறையில் இருந்தோம். அவர் குழந்தையின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாதத்தையும் பார்த்தார். பிறகு அம்மாவையும் அப்பாவையும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொன்னார். அம்மாவின் பாதங்களில் ஒன்றும் இல்லை. அப்பாவின் இரண்டு பாதங்களிலும் நான்காம் விரலும் சுண்டுவிரலும் ஒட்டியிருந்தன. சிறுவயதில் பள்ளியில் கேலி செய்வார்கள் என்று செருப்பே போடாமல் எப்போதும் ஷூவோடு இருந்ததாக மெதுவாகச் சொன்னார். மனைவியே சரியாகப் பார்த்ததில்லையாம். பிறகு வந்த பரிசோதனை முடிவிலும் அதுவேதான்: ஹாக்ஸ்-டி-13.

மருத்துவர் அப்பாவிடம், இது உங்கள் தவறும் இல்லை, உங்களுக்கும் யாரோ கொடுத்ததுதான் என்றார். நாங்கள் தமிழில் சொன்னோம், இந்த முறை சத்தமாகவே. பாட்டி ஒன்றும் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சேலையின் நுனியை இழுத்துத் தன் பாதங்களை மூடிக்கொண்டார். அதை மருத்துவர் கவனிக்கவில்லை. மருமகள் கவனித்தாள். எழுந்து போய் அவர் மடியில் குழந்தையைக் கொடுத்தாள்.

வடிகட்டிப் பிராணியை வைத்து அந்தக் குழந்தையின் விரலைச் சரிசெய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அதைச் சரிசெய்தது அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்கள், இரண்டு தடவையாக. ஆனால் உடம்பு முகவரிகளால் கட்டப்படுகிறது, ஒரு முகவரி மாறினால் உறுப்பு மாறும், அது நிலவையோ சூரியனையோ பார்த்து நடப்பதில்லை என்பதை ஈயிலும் எலியிலும் இறாலிலும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருந்ததால்தான், ஒரு மருத்துவர் நேராகச் சாக்ஸைக் கழற்றச் சொல்ல முடிந்தது.

படேலின் மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஹெதர் புரூஸ் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 2020-ல் பூச்சிகளின் சிறகு எங்கிருந்து வந்தது என்று எழுதினார். இறால் கூட்டத்தின் காலில் உடம்போடு ஒட்டிய அடிப்பகுதி, பூச்சியில் உடற்சுவருக்குள் அடங்கிப்போய், அதில் இருந்த ஒரு மடல் முதுகுக்கு நகர்ந்து சிறகானது என்பது அவர்கள் முடிவு. அதே சமயம் அதே பிராணியை ஆராய்ந்த இன்னொரு குழு, சிறகுக்கு மூலம் ஒன்றல்ல, இரண்டு திசுக்கள் சேர்ந்தது என்ற பக்கம் நின்றது. வழக்கு இன்னும் முடியவில்லை. நமக்கு அது குறையாகப் படவில்லை. 2018-ல் அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரில், 1888-ல் தொடங்கிய கடல் உயிரியல் ஆய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். வண்ணத்துப்பூச்சியையும் விடவில்லை, இப்போது சிறகின் நிறம் எப்படி வருகிறது என்பது அவருடைய ஆய்வுகளில் ஒன்று.

நம் வாலிபர் ஐக்கியத்தில் உயிரியல் படிக்க ஆசைப்படும் ஒரு தங்கை இருக்கிறாள். மருத்துவம் அல்ல, வெறும் உயிரியல். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். அவள் பெயரை எழுத மாட்டோம். அவளுடைய அப்பா இந்தப் பத்தியை வாசிப்பவர் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

அந்தப் பேப்பர் தட்டை ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் காட்டலாம் என்று ஃபிரிட்ஜில் மூடி வைத்திருந்தோம். காலையில் ஃபிரிட்ஜ் துடைத்த ஆன்ட்டி, யாரோ எச்சில் தட்டை உள்ளே வைத்துவிட்டார்கள் என்று குப்பையில் போட்டுவிட்டார். தம்பிக்கு ஒரே வருத்தம். அடுத்த விருந்துக்கு நண்டு வாங்கலாம், நண்டின் வயிறு எங்கே போனது என்று பார்க்க வேண்டும் என்கிறான். வயிறு மடிந்து அடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தோம். பிரித்துப் பார்த்தால்தான் நம்புவானாம். பொருளாளர் அங்கிள் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.